இருபத்திரண்டு மில்லிமீட்டர் அயர்லாந்து

உங்கள் ஊர் ரயில் தண்டவாளத்தில் இரண்டு கம்பிக்கும் நடுவே எத்தனை அடி இடைவெளி? போனைத் தொடாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியாது என்றால் நீங்கள் நிம்மதியான மனிதர். எனக்குத் தெரியும். ஐந்தரை அடி. மில்லிமீட்டரில் 1676. அப்பாவுக்கு விழுப்புரம் செக்‌ஷனில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. பத்து வருஷமாக என் போன் லாக் நம்பரே அதுதான். (திறந்து பார்க்க வேண்டாம், மாற்றிவிட்டேன்.) அந்த ஒரு அளவை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் ஒரு முழு அயர்லாந்தைக் கெடுத்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வாரம் ரிட்டயர் ஆனேன். வயது இருபத்தாறு. சிரிக்காதீர்கள். மூன்றரை வருஷம் மாணவர் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன், டிகிரி கைக்கு வந்ததும் ஒப்பந்தம் முடிந்தது, கேக் வெட்டினார்கள், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். இதைவிட முறையான ஓய்வு எது? அதற்குள் ஆஹென் தமிழ் மாணவர் குழுவில் புதிதாக வந்த இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்: "ப்ரோ, நீங்க பார்த்த அந்த பொம்மை ரயில் வேலைக்கு அப்ளை பண்ணலாமா? இல்ல மொக்கையா?"

பொம்மை ரயிலாம்! தம்பிகளா, உட்காருங்கள்.

இடம் கொலோனுக்கு வெளியே. ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் நின்ற கொட்டகை. முன்பக்கம் மாதிரி ரயில் கண்காட்சி, பின்பக்கம் பட்டறை. இடுப்பு உயர மேசைகளில் மலை, ஊர், பாலம், நடுவே தண்டவாளம். அதில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் நிஜ வண்டியை அளவு பார்த்துச் சுருக்கியது. முதல் ஆறு மாதம் என்னை எதையும் தொட விடவில்லை. புல் ஒட்டினேன். ஆடு ஒட்டினேன். நானூறு ஆடு ஒட்டினேன் என்று சொன்னால் அம்மா நம்பவில்லை, வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அடுத்த ஆறு மாதம் சால்டரிங். அதற்கப்புறம் லேத். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

பட்டறையில் தண்டவாளப் பிரிவுக்குப் பொறுப்பு ரஞ்சி அக்கா. ஊர் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை. ஒன்பது வயதில் ஜெர்மனிக்கு வந்து, கெல்சென்கிர்ச்சனில் வளர்ந்து, நுண்கருவி வேலையில் ஆஸ்பில்டுங் முடித்தவர். அதாவது மூன்று வருஷம் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற தொழிற்படிப்பு. நான் சேர்ந்த முதல் நாள், தமிழ் என்று தெரிந்ததும் பாசமாக விசாரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, அளக்கத் தெரியுமோ?"

"தெரியும்க்கா. மெக்கானிக்கல்தான் படிச்சேன்."

"படிப்பைக் கேக்கேல்லை. அளக்கத் தெரியுமோ எண்டு கேட்டனான்."

அக்காவுடைய முறை இதுதான். காலிப்பர் என்கிற அளவுக் கருவியை முதலில் மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார். அளப்பார். மறுபடி மூடி பூஜ்யம் பார்ப்பார். மறுபடி அளப்பார். இப்படி மூன்று தடவை. மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் எழுதுவார். நாம் "சுமார் பன்னிரண்டு இருக்கும்க்கா" என்று சொன்னால் பதில் வராது. அப்படியே எழுந்து காபி போடப் போய்விடுவார். பதில் வேண்டுமென்றால் சரியான எண்ணோடு காபி மெஷின் வரைக்கும் போக வேண்டும். செய்த பொருளில் தப்பு இருந்தால் திட்ட மாட்டார். அதை உங்கள் மேசையில் தலைகீழாக வைத்துவிட்டுப் போவார். என்ன தப்பு என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருஷம் என் மேசையில் நேராக நின்ற பொருளே கிடையாது.

பட்டறைக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, நாலு கண் விதி: முக்கியமான எந்த அளவையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு விடையும் ஒன்றாக வந்தால் இரண்டு கையெழுத்து, அப்புறம்தான் வேலை தொடங்கும். இரண்டாவது, கதவுக்குப் பக்கத்தில் சங்கிலியில் தொங்கும் பிழை நோட்டு. தப்பு செய்தவர்தான் அதில் எழுத வேண்டும். அடுத்தவர் தப்பை நாம் எழுதக் கூடாது. போன வருஷம் வரை அக்கா பெயரை அதில் நான் பார்த்ததே இல்லை.

போன வருஷம் முதலாளியம்மா ஒரு அறிவிப்பு விட்டார். பழைய பட்டறைத் தலைவர் போகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் பெயர் இருக்கிறது. ஒன்று ரஞ்சி அக்கா, இன்னொன்று வருஷா வருஷம் ஆல்ப்ஸ் மலையே கட்டும் யூர்கன். கண்காட்சியில் புதிதாக ஒரு மேசைக்கு இடம் இருந்தது. யூர்கன் என்ன கேட்டார்? ஆல்ப்ஸ். அக்கா கேட்டது அயர்லாந்து.

"அயர்லாந்தா?" என்றார் முதலாளியம்மா. "யார் வந்து பார்ப்பார்கள்?"

"கட்டுறன். பாருங்கோ," என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, அதையே ஜெர்மனில் மரியாதையாகச் சொன்னார் அக்கா.

முடிவு இப்படி வந்தது: திறப்பு நாளில் அயர்லாந்து ஒழுங்காக ஓடினால் அக்கா பட்டறைத் தலைவி. ஓடாவிட்டால் அந்த மேசையும் ஆல்ப்ஸ், பட்டறையும் யூர்கனுக்கு.

அயர்லாந்து எங்கிருந்து வந்தது? டெக்லனிடமிருந்து. கொலோனில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஐரிஷ்காரர். தன் வீட்டுச் சமையலறை மேசையில் பன்னிரண்டு என்ஜின்களைக் கையாலேயே செய்திருந்தார். பித்தளைத் தகட்டை வெட்டி, மடக்கி, பற்றவைத்து! ஒரு என்ஜினைப் பார்த்து நான் அரை மணி நேரம் வாயைத் திறந்தபடி நின்றேன். பொதுவாக ஐரிஷ் ரயில் பைத்தியங்கள் என்ன செய்வார்கள் என்றால், மேலே ஐரிஷ் வண்டி, கீழே கடையில் கிடைக்கிற தண்டவாளம் என்று விட்டுவிடுவார்கள். கடைத் தண்டவாளம் அதற்கு ஒடுக்கம். அதனால் ஆள் சரியாகவும் கால் இரண்டும் ஒட்டியும் நிற்கிற மாதிரி இருக்கும். டெக்லனுக்கு அது ஆகாது. அகலமும் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

அவருக்கு இடுப்பில் ஆபரேஷன். அதற்காக அயர்லாந்தில் தங்கை வீட்டுக்குப் போனவர் மூன்று மாதம் அங்கேயே இருந்தார். எங்களுக்கு வரைபடம் மட்டும் அனுப்பினார். ஒரு சின்ன சந்திப்பு நிலையம், மேற்குக் கரை, கல் சுவர், ஈரப் புல், பதினோரு பாயிண்ட். பாயிண்ட் என்றால் வண்டி ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம். ஓரத்தில் பென்சிலில் இரண்டே வரி: "அடிக்கு நாலு மில்லிமீட்டர். அகலப் பாதை, சொல்லவே வேண்டாம்."

சொல்லவே வேண்டாமாம்.

நாலு கண் விதிப்படி நான் தனியாக உட்கார்ந்தேன். அகலப் பாதை, ஐந்தரை அடி, பெருக்கல் நாலு, இருபத்திரண்டு மில்லிமீட்டர். எல்.கே.ஜி. கணக்கு. அக்கா தன் மேசையில் தனியாகப் போட்டார். இருபத்திரண்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தோம். இரண்டு கையெழுத்து.

"சரியா வந்திட்டுது. வெட்டும்," என்றார்.

லேத்தில் பித்தளைக் கேஜ், அதாவது இடைவெளியை அளவாகப் பிடித்து வைக்கும் கட்டை, ஆறு கடைந்தேன். தண்டவாளக் கம்பி உட்கார்வதற்கு இரண்டு பள்ளம், நடுவே சரியாக 22.00. செம ஃபினிஷ். அதை வைத்து, செம்புத் தகடு ஒட்டிய குட்டி ஸ்லீப்பர் கட்டைகளில் கம்பியை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தோம். முப்பத்தெட்டு மீட்டர். பதினோரு பாயிண்ட். இரண்டரை மாதம். சோதனை வண்டி ஒன்று செய்து ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. ஓடாமல் என்ன? அதன் சக்கரத்தையும் அதே கேஜை வைத்துத்தானே அமைத்தேன்!

திறப்புக்கு ஒன்பது நாள் முன்னால் டெக்லன் வந்தார். ஊன்றுகோல் ஒரு கையில், பிஸ்கட் டின் இன்னொரு கையில். டின்னுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் கறுப்பு என்ஜின். மேசையைப் பார்த்ததும் அவர் கண்ணே மாறிவிட்டது. கல் சுவரைத் தொட்டார். என் ஆடுகளைப் பார்த்துச் சிரித்தார். என்ஜினை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார். நின்றது. ஆனால் இடமும் வலமுமாக லேசாக ஆடியது. விரலால் மெல்லத் தள்ளினார். நேர்ப் பாதையில் போனது. வளைவு வந்தது.

டொக்.

இரண்டு கம்பிக்கும் நடுவே விழுந்து உட்கார்ந்துவிட்டது.

அக்கா காலிப்பரை எடுத்தார். மூடினார், பூஜ்யம். அளந்தார், 22.00. மூன்று தடவை. அப்புறம் என்ஜினைத் தூக்கிச் சக்கரத்தை அளந்தார். மூன்று தடவை. முகம் வெளிறிவிட்டது.

"டெக்லன்," என்றார், "உங்கட அகலப் பாதை எத்தினை அடி?" இதை அவர் தமிழில் கேட்டுவிட்டதைக்கூட கவனிக்கவில்லை. நான்தான் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டேன்.

"ஐந்தடி மூன்று அங்குலம்," என்றார் டெக்லன். "ஏன், உங்களுக்கு எத்தனை?"

"ஐந்தரை."

"எந்த நாட்டில்?"

நான் இந்தியா என்றேன். அக்கா இலங்கை என்றார். அக்காவின் ஐயா காங்கேசன்துறை ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மன். என் அப்பா விழுப்புரத்தில் தண்டவாளக்காரர். அகலப் பாதை என்றால் ஐந்தரை அடி என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் இரண்டும் இரண்டும் நாலு மாதிரி. ஒரு ஜெர்மன்காரர் அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் "எது அகலப் பாதை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். நாங்கள் இரண்டு பேரும் கேட்கவே இல்லை. நாலு கண் இருந்து என்ன, பார்த்தது ஒரே தண்டவாளத்தை!

டெக்லன் ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எரிச்சலான சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. "எங்கள் அளவு எப்படி வந்தது தெரியுமா?" என்றார். தொடக்கத்தில் அயர்லாந்தில் மூன்று கம்பெனி மூன்று அகலத்தில் பாதை போட்டதாம். ஒருத்தன் வண்டி இன்னொருத்தன் பாதையில் ஏறாது. சண்டை. லண்டனிலிருந்து ஒரு ராணுவ இன்ஜினியர் வந்து எல்லாரையும் கேட்டு, கடைசியில் சராசரி மாதிரி ஒன்றைப் பிடித்து ஐந்தடி மூன்றங்குலம் என்று முடித்துவிட்டாராம். "யாருக்குமே பிடிக்காத அளவு. அதனால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்."

எனக்கு அந்த நேரத்திலும் புல்லரித்தது. சத்தியமாக. ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

டெக்லன் கழிவறைக்குப் போன நேரத்தில் நான் வாயை விட்டேன். "அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. என்ஜின் சக்கரத்தை ரெண்டு பக்கமும் அரை அரை மில்லி வெளிய இழுத்துட்டா போச்சு. பன்னெண்டு என்ஜின், ஒரே நாள் வேலை. யாருக்கும் தெரியாது."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார்.

"அந்த மனுசன் ஒரு அளவுக்காக வருசக்கணக்கா வளைஞ்சு இருந்து செய்த சாமான். உம்மட பிழைக்கு ஏற்ற மாதிரி அதை நெளிக்கப் போறீரோ?"

"அப்போ இந்தியான்னு போர்டு மாத்திடலாமா? அளவு கரெக்டா இருக்கு."

"விசர்க் கதை கதையாதேயும்."

"முதலாளியம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்கக்கா. உங்க போஸ்ட் போயிடும். மொதல்ல சரி பண்ணிட்டு அப்புறம்..."

"ஏலாது." சங்கிலியில் தொங்கிய நோட்டை எடுத்துத் திறந்தார். பேனாவைத் தேடினார். ஜெர்மனில் எழுதினார்: 'பாதை அகலத்தைக் கேட்டு உறுதி செய்யாமல் ஐந்தரை அடி என்று எடுத்துக்கொண்டேன். 22க்குப் பதில் 21 இருக்க வேண்டும்.' தேதி, கையெழுத்து. நோட்டை என் பக்கம் தள்ளவில்லை. அப்படியே திறந்து வைத்துவிட்டு நகர்ந்தார். நான் அதன் கீழே என் வரியை எழுதினேன்.

முதலாளியம்மா வந்து இரண்டையும் படித்தார். "இதில் யாருடைய தப்பு?"

"இரண்டு பேருடையதும்," என்றார் அக்கா ஜெர்மனில். "தனித்தனியாக."

"ஒன்பது நாளில் முடியுமா?"

"நேர்ப் பாதை முடியும். பாயிண்ட் பதினொன்றும் முடியாது."

"ஓடுகிற அயர்லாந்துதான் எனக்கு வேண்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். யூர்கன் அந்தப் பக்கமாக வந்து ஒரு நல்ல ஜெர்மன் சாக்லெட்டை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது ஆறுதலா, அடக்கத்துக்கு மலரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

செமஸ்டர் லீவு என்பதால் நான் முழு நாளும் வேலை பார்க்கலாம். காலை ஏழுக்குத் தொடங்குவோம். கொட்டி ஒட்டியிருந்த ஜல்லியை வெந்நீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டுவேன். அக்கா ஒரு கம்பியைத் தொட மாட்டார். இன்னொரு கம்பியில் மட்டும் சால்டரிங் முனையை வைத்து, ஈயம் இளகிய நொடியில் புதுக் கேஜால் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பிடிப்பார். நான் ஊதி ஆறவைப்பேன். அடுத்த ஸ்லீப்பர். சூடு ஒரு நொடி கூடினால் செம்புத் தகடு உரிந்துவிடும். குறைந்தால் கம்பி நகராது. அக்கா வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார்: "ஒண்டு, ரெண்டு, தள்ளு. ஒண்டு, ரெண்டு, தள்ளு." நாலரை நாளில் முப்பத்தெட்டு மீட்டரும் நகர்ந்தது! என் விரல் நுனியில் தோல் இல்லை, ஆனால் நான் பறந்துகொண்டிருந்தேன்.

பாயிண்ட்தான் எமன். அங்கே கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும், நகர்த்த முடியாது. பிய்த்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஒன்று. மிச்சம் நாலு நாள். பாயிண்ட் பதினொன்று.

ஐந்தாம் நாள் மத்தியானம் டெக்லன் சாண்ட்விச்சோடு வந்தார். நான் கடுப்பில் சொன்னேன்: "மீதி ஏழையும் பிடுங்கிட்டு, அந்த லைனை எல்லாம் மூடிட்டாங்கன்னு சொல்லிடலாம் சார்."

நக்கலுக்குச் சொன்னதுதான். டெக்லன் மெல்லுவதை நிறுத்தினார். மேசையை நீளவாக்கில் பார்த்தார்.

"மூடித்தான் விட்டார்கள்," என்றார். மேற்குப் பக்கக் கிளைப் பாதைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் போனதாம். முதலில் பக்கத் தண்டவாளங்களைப் பிடுங்குவார்கள். கடைசி வருஷத்தில் ஒரே ஒரு பாதையும், எதிர் வண்டி ஒதுங்க ஒரு சின்னப் பக்கப் பாதையும், ஒரு டீசல் பெட்டியும் மட்டும் மிஞ்சும்.

"அதுக்கு எத்தினை பொயின்ற் வேணும்?" என்றார் அக்கா. நான் மொழிபெயர்ப்பதற்குள் டெக்லன் நாலு விரலைக் காட்டிவிட்டார்.

அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்து, உடனே போனது. "அப்ப உங்கட என்ஜின்கள்? பன்னிரண்டில பதினொண்டை டின்னுக்குள்ளேயே வைக்கோணும்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டெக்லன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். நல்ல காலத்து நிலையத்தைத்தான் அவர் கேட்டிருந்தார். கூட்டமும் புகையும் சரக்கு வண்டியுமாக. "திறப்பு நாளுக்கு மட்டும்," என்றார் கடைசியில்.

அவ்வளவுதான், நாங்கள் வெறி பிடித்த மாதிரி இறங்கினோம். ஏழு பாயிண்டையும் பிடுங்கினோம். பிடுங்கிய இடத்தில் ஸ்லீப்பர் கிடந்த தடம் தெரிகிற மாதிரி ஜல்லியை அமுக்கினேன். துரு நிறம் தெளித்தேன். பிளாட்பார ஓரத்தில் களை ஒட்டினேன். நம்ப மாட்டீர்கள், முன்பு இருந்ததைவிட நூறு மடங்கு நிஜமாக இருந்தது!

திறப்பு நாள். காலை பத்து. கூட்டம் நெருக்கியது. டெக்லன் செய்த டீசல் பெட்டி, பின்னால் அவருடைய சரக்கு வண்டி ஒன்றோடு, கிளம்பியது. முதல் பாயிண்ட், ஓகே. அந்த வளைவு. நான் அக்காவின் முழங்கையைப் பிடித்திருந்தேன், அவர் தட்டிவிடக்கூட இல்லை. ஓகே. ஒரு சுற்று, பத்து சுற்று, மத்தியானம் வரை அப்படியே. முதலாளியம்மா காபியோடு வந்து நின்றார். சரியாக அப்போது, மூன்றாவது பாயிண்டில் டீசலின் பின்னால் போன சரக்கு வண்டி துள்ளிச் சாய்ந்தது.

அக்கா சாவகாசமாக வண்டியை நிறுத்தினார். பாயிண்டை அளந்தார், மூன்று தடவை. 21.00. வண்டியைத் தலைகீழாகத் திருப்பினார். சக்கரத்தை அளந்தார், மூன்று தடவை. 20.6. தலைகீழாகவே டெக்லன் முன்னால் வைத்தார்.

டெக்லன் பார்த்தார். காது சிவந்தது. "இது என்னுடையது," என்றார். அப்புறம் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார். "அந்த நோட்டு எங்கே?"

எழுதினார்! ஆங்கிலத்தில், எங்கள் இரண்டு வரிக்கும் கீழே. முதலாளியம்மா பின்னாலேயே போய் அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தார். சரக்கு வண்டி இல்லாமல் டீசல் பெட்டி மாலை ஆறு மணி வரை நிற்காமல் ஓடியது.

திங்கட்கிழமை பட்டறைக் கதவில் ரஞ்சி அக்காவின் பெயர்ப் பலகை மாட்டப்பட்டது. யூர்கன்தான் ஸ்க்ரூ போட்டார். அக்கா தலைவியாகி முதலில் செய்த காரியம், நாலு கண் விதிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தது: இந்தியாக்காரரும் இலங்கைக்காரரும் சேர்ந்து பாதை அகலம் பார்க்கக் கூடாது.

"அக்கா, இது இனப் பாகுபாடு," என்றேன்.

"ஓம். உம்மட பேரையும் போட்டிருக்கோணும்," என்றார்.

ஆக, புதுத் தம்பிகளே, அப்ளை பண்ணுங்கள். மொக்கை எல்லாம் இல்லை. அயர்லாந்து வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அந்த மேசையை மூடி, பிடுங்கிய பாயிண்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டுகிறார்கள். ஒன்று முடிந்ததும் டெக்லன் டின்னைத் திறந்து இன்னொரு என்ஜினை வெளியே எடுக்கிறார். இன்றைய தேதிக்கு ஒன்பது பாயிண்ட் முடிந்திருக்கிறது. இரண்டு பாக்கி.